அழுததால் குடல் இறங்கவில்லை: மகனின் ஹெர்னியா ஆபரேஷனும் எங்கள் அனுபவமும்

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா

என் மகனுக்கு ரெண்டரை வயசு. போன மாசம் லேப்ராஸ்கோப்பி (சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுச் செய்றது) மூலமா ஹெர்னியா, அதாவது குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சது. அதுக்கு முன்னாடி ராத்திரி ராத்திரியா கண் முழிச்சுத் தேடிப் படிச்சவ நான். அப்படி முழிச்சிட்டிருக்கிற இன்னொரு அம்மாவுக்காக எழுதுறேன்.

முதல்ல பாத்தது எங்கம்மா. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு ஊத்துறப்ப வீல்னு அழுதான். வலது தொடை இடுக்குல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு. அழுகை நின்னு மடியில படுத்ததும் அது காணோம். "நீ வேலைக்குப் போயிடற, புள்ள அழுதழுது கொடல் எறங்கிருச்சு கண்ணு"ன்னாங்க. அம்மா கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா அந்த வார்த்தை மூணு வாரம் என் தொண்டையிலயே நின்னுச்சு. காலையில பஸ்ஸுக்குக் கிளம்புறப்ப வாசல்ல அவன் கத்துற சத்தம் கேட்டாலே, இன்னைக்கு இன்னும் கொஞ்சம் இறங்குமோன்னு வயிறு கலங்கும்.

முதல் தடவை டாக்டர்கிட்ட போனப்ப அவன் சிரிச்சுட்டு இருந்தான், மேடே இல்லை. "ஒண்ணும் தெரியலையேம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை வீட்டுல மேடு வந்தப்பவே செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் அந்தப் போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துட்டு, தொட்டும் பாத்துட்டு, ஹெர்னியாதான்னு சொல்லிட்டார். நீங்களும் தயவுசெஞ்சு போட்டோ எடுத்துக்கங்க.

மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி படம் வரைஞ்சு காட்டினார். ஆண் குழந்தைக்கு விரை முதல்ல வயித்துக்குள்ளதான் இருக்கும். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல அது கீழே இறங்கும்போது, வயித்து உள்சவ்வும் ஒரு பை மாதிரி கூடவே வரும். அந்தப் பை பிறகு தானா மூடிக்கணும். மூடாட்டி அதே வழியில குடல் வரும், இல்ல நீர் இறங்கும். நிறைமாசத்துல பிறக்கிற குழந்தைங்கள்ல 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இருக்கும், பையன்களுக்குத்தான் அதிகம், அதுலயும் வலது பக்கம் அதிகம்னார். நான் கேட்டே விட்டேன்: "சார், அழவிட்டதாலயா?" "இல்லம்மா. அந்த வழி பொறக்கும்போதே திறந்திருக்கு. அழுதா வயித்துல அழுத்தம் கூடும், அப்ப வெளிய தெரியுது. அவ்வளவுதான்." எங்கம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பெரியவங்களுக்கு அந்த இடம் பலமாக வைக்கிற வலை குழந்தைக்குக் கிடையாது. பையோட கழுத்தைக் கட்டிவிட்டாப் போதும். தொடை மடிப்புல சின்னதாக் கீறியும் கட்டலாம், தொப்புள் வழியா கேமரா விட்டும் கட்டலாம். ரெண்டுமே நல்ல முறைதான், திரும்ப வரவே வராதுன்னு ரெண்டுலயும் எழுதிக் குடுக்க முடியாதுன்னு நேராவே சொன்னார். கேமராவுல ஒரு வசதி, மறுபக்கத்தையும் பாத்துடலாம். அங்கேயும் திறந்திருந்தா கட்டலாமான்னு முன்கூட்டியே கேட்டு கையெழுத்து வாங்கினார். திறந்திருக்கிற எல்லாமே ஹெர்னியா ஆகும்னு சொல்ல முடியாது, அதனால கட்டணுமா வேண்டாமான்னு டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குன்னும் சொன்னார். இன்னொரு தடவை அவனை மயக்கத்துக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. கட்டிடுங்கன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு 6 மணி நேரத்துக்கு முன்னாடியே பாலை நிறுத்தணும், தண்ணி மட்டும் 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடுக்கலாம். விடிகாலை 5 மணிக்கு எழுந்து "பாலு, பாலு"ன்னு என் ரவிக்கையைப் பிடிச்சு இழுத்தான். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான நேரம். தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி நர்ஸம்மா அவனோட அரைஞாண் கயித்தைக் கத்தரிச்சு என் உள்ளங்கையில வெச்சாங்க. கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து, அவன் உடம்புச் சூடு அதுல அப்படியே இருந்துச்சு. முக்கால் மணி நேரமும் கையைத் திறக்கவே இல்லை.

வெளிய வந்ததும் டாக்டர் படம் காட்டினார். வலப்பக்கம் கிணத்து வாய் மாதிரி கறுப்பா ஒரு ஓட்டை. இடப்பக்கம் பிறை மாதிரி ஒரு இடைவெளி. ரெண்டையும் கட்டியாச்சு. தொப்புள்ல 5 மில்லிமீட்டர் கேமரா. ஒவ்வொரு பக்கமும் தோல் வழியாவே ஊசி விட்டு, அந்த ஓட்டையோட வாயைச் சுத்தி நூலைக் கொண்டுவந்து, முடிச்சைத் தோலுக்கு அடியில புதைச்சிருக்காங்க. போலந்து நாட்டு டாக்டர் பட்கோவ்ஸ்கி 2006-ல எழுதின முறையாம். விந்துக்குழாயும் விரைக்குப் போற ரத்தக்குழாயும் ஒட்டியே ஓடுறதால அதுல படாம ஊசி போகணும். பழகின கைதான் முக்கியம்னு எனக்குப் புரிஞ்சது அங்கதான். எத்தனை குழந்தைகளுக்குச் செஞ்சிருக்கீங்கன்னு டாக்டர்கிட்ட கூச்சப்படாமக் கேளுங்க.

சாயங்காலம் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பதறிட்டேன். வயித்தை உப்ப வைக்க விடுற கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத்தை உறுத்தினா தோள்ல வலி தெரியுமாம். மறுநாளே போயிடுச்சு. பாராசிட்டமால் சிரப் ரெண்டு நாள் குடுத்தோம். மூணாம் நாள் கட்டில்ல இருந்து குதிச்சான்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா

அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. லேப்ராஸ்கோப்பிதான் வேணும்னு பிடிவாதமா நிக்கிறவங்களுக்காக எங்க கதையையும் சொல்லுதேன். என் பையன் 32 வாரத்துல பிறந்தவன். குறைமாசப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப சாதாரணமாம். 2 கிலோ இருக்கும்போது ரெண்டு பக்கமும் இறங்கிட்டு. எங்க டாக்டர் கீறித்தான் செஞ்சாங்க. இவன் எடைக்கு என் கைக்கு இதுதான் பழக்கம்னு சொன்னாங்க. நாங்க பயந்தது வேற ஒண்ணுக்கு. குறைமாசப் பிள்ளை மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு விட மறந்துரும்னு ராத்திரி பூரா மானிட்டர்ல வச்சிருந்தாங்க. ரெண்டு தடவை அலாரம் அடிச்சுது, நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினாங்க. இப்ப ஒண்ணாப்பு படிக்கான். தழும்பு எங்கன்னு தேடணும்.

சேலத்திலிருந்து

பெண் குழந்தைக்கு வராதுன்னு நினைச்சுடாதீங்க. என் மகளுக்கு 5 மாசத்துல புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி, அமுக்கினாலும் உள்ள போகலை, வலியும் இல்லை. ஸ்கேன்ல பாத்தா இறங்கியிருந்தது கருமுட்டைப் பை. முறுக்கிக்கும்னு ஆபரேஷனைத் தள்ளிப்போட விடலை. கேமரா வழியா அதை உள்ள இழுத்துவிட்டுக் கட்டினாங்க.

மதுரையிலிருந்து

தம்பி பையன், 7 மாசம். காசை வெச்சுத் துணியால இறுக்கிக் கட்டினா ஏறிடும்னு யாரோ சொல்லி, ரெண்டு மாசம் கட்டியே வெச்சிருந்தோம். ஒரு ராத்திரி கட்டி கல்லு மாதிரி ஆகி, தோல் சிவந்து, பச்சையா வாந்தி எடுத்தான். குடல் மாட்டிக்கிச்சு. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். மருந்து குடுத்துத் தூங்க வெச்சு, மெதுவா உள்ள தள்ளி, வீக்கம் வடிய ரெண்டு நாள் விட்டு ஆபரேஷன் பண்ணாங்க. குடலுக்கு ஒண்ணும் ஆகலை. 1 வயசுக்குள்ளதான் இப்படி மாட்டிக்கிறது அதிகம்னு அப்புறம்தான் சொன்னாங்க. அந்தத் துணியைக் கட்டினது நான்தான். கட்டி இறுகி, உள்ள போகாம, குழந்தை வாந்தி எடுத்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஈரோட்டிலிருந்து அதே அம்மா

மதுரைக்காரங்களே, நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் கட்டினீங்க. எங்கம்மாவும் அரைஞாணை இறுக்கிக் கட்டச் சொன்னவங்கதான்.

நேத்து தையலைப் பாக்கப் போயிருந்தோம். தொப்புளுக்குள்ள தழும்பு மறைஞ்சே போச்சு, ரெண்டு பக்கமும் அரிசி அளவுக்குச் சின்னப் புள்ளி. அம்மா டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "கயிறு எப்பக் கட்டலாம் சாமி?" இப்பவே கட்டலாம், லூசாக் கட்டுங்கன்னார். சாயங்காலம் பழைய தாயத்தைப் புதுக் கயித்துல கோத்து, ரெண்டு விரலை உள்ள விட்டு விட்டுப் பாத்து, முடிச்சுப் போட்டாங்க.