கேக்காம மாமரத்துல பாதிய வெட்டிட்டுப் போயிட்டாங்க, லைன்ல படுதாம், என்ன பண்றது?

மாமரத்து_வீடு:
வணக்கம் மக்களே, ஊரு கும்பகோணம் பக்கம். காம்பவுண்டுக்கு உள்ளயே ஒரு மாமரம், அப்பா வச்சது, முப்பது வருசம் இருக்கும். போன வாரம் மாசாந்திர பவர்கட் அன்னிக்கு கரண்ட் ஆபீஸ்லேர்ந்து நாலு பேரு வந்திருக்காங்க, வீட்ல அம்மா மட்டும்தான், "லைன்ல படுதும்மா"ன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான், ஏணிய சாத்தி ரோட்டுப் பக்கம் இருந்த கெளை பூராவும் அரிவாளால போட்டுத் தள்ளிட்டாங்க. சாயங்காலம் நான் வந்து பாத்தா கேட்ட தெறக்க முடியல, அவ்ளோ கெளை. பெரிய கெளை ஒண்ணு பாதி வெட்டும்போதே பாரம் தாங்காம கிழிஞ்சு, தண்டுல ஒரு முழத்துக்குப் பட்டை உரிஞ்சு தொங்குது, பால் வடியுது, பாக்கவே முடியல. இத்தனைக்கும் மரம் பெருசானப்புறம்தான் அந்தக் கம்பமே நட்டாங்க. கேக்காம வெட்டலாமா? குப்பைய யாரு அள்ளுறது? மரம் பொழைக்குமா?

பழைய_வயர்மேன்:
தம்பி, கோவம் நியாயம்தான், சொல்லிட்டு வெட்டியிருக்கணும். ஆனா ஏன் வெட்டுறாங்கன்னும் தெரிஞ்சுக்கங்க. தெருவுல போற எல்டி லைன், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் குடுக்குற தாழ்வழுத்த லைன், மேலுறை இல்லாத வெறும் கம்பி. காத்துல கெளை ஆடி ரெண்டு கம்பிய ஒண்ணா சேத்துச்சுன்னா பொறி பறக்கும், டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போகும், சமயத்துல கம்பியே அறுந்து ரோட்ல விழும். மழைல நனைஞ்ச மரத்துல கரண்ட் எறங்கும், அடியில நிக்கிற மாடு கன்னுக்கு என்ன தெரியும்? 11 ஆயிரம் வோல்ட் லைன்னா கெளை தொடக்கூட வேணாம், கிட்ட வந்தாலே தாவிடும். அதான் அக்டோபர் மழைக்கு முன்னாடி அவசர அவசரமா வெட்டுறது, ஒரு பவர்கட்டுக்குள்ள பத்து தெரு முடிக்கணும், ரம்பம் எடுத்து நிதானமா அறுக்க அங்க யாருக்கும் நேரம் கிடையாது.

சட்டம் கேட்டீங்கன்னா, 2003 மின்சாரச் சட்டம் 68வது பிரிவு. லைனுக்கு இடைஞ்சலா இருக்குற மரத்த, மின் வாரியம் மனு போட்டா நிர்வாக நடுவரோ அரசு சொன்ன அதிகாரியோ அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். அதுலயே, லைன் வர்றதுக்கு முன்னாடியே இருந்த மரம்னா சொந்தக்காரருக்கு நியாயமான இழப்பீடு கொடுக்கணும்னும் இருக்கு. உங்க கேஸ் அதுதான். ஆனா ஒரு கெளைக்காக யாரும் அந்தப் படி ஏறி நான் பாத்ததில்ல. அத விட, பிரிவு ஆபீஸ்ல ஏஈ (உதவிப் பொறியாளர்) கிட்ட எழுதிக் குடுங்க, அடுத்த தடவை முன்கூட்டி சொல்லணும், உங்க வீட்டு நேருக்கு உறை போட்ட ஏபி கேபிள் போட முடியுமான்னு பாக்கணும்னு. அப்புறம் உங்க ஏரியா லைன்மேன் நம்பர வாங்கி வச்சுக்கங்க, மனு பண்ணாதத அது பண்ணும்.

முருங்கை_வீட்டுக்காரன்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு, கோவத்துல "இனி நானே வெட்டிக்கிறேன்"னு மட்டும் எறங்காதீங்க. எங்க வீட்ல முருங்கைக்கா பறிக்க அலுமினிய பைப்ல கொக்கி கட்டி தொரட்டி செஞ்சு வச்சிருந்தோம், வெயிட் இல்லாம நல்லா இருக்குன்னு. ஒரு நா நான் அத தூக்கிட்டு நிமிந்து காயையே பாத்துட்டிருக்கேன், பின்னாடி லைனுக்கும் பைப்புக்கும் ஒரு ஜாண்தான், எதிர்வீட்டு அக்கா போட்ட சத்தத்துல அப்படியே கீழ போட்டேன். இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. பச்சை மூங்கிலும் ஆபத்துதான். பவர்கட்னு நம்பியும் ஏறாதீங்க, எவனாவது வீட்ல ஜெனரேட்டர தப்பா மாட்டி ஓட்டுனா கரண்ட் திரும்பி லைனுக்கே வரும். லைன்மேன் கம்பிய தரையோட இணைச்சு எர்த் போட்டு "ம், ஏறுங்க"ன்னு சொன்னப்புறம்தான். நடுவுல கெளை உரசி பொறி வந்தா மின் வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் போடுங்க.

கொல்லைப்புறம்:
மரம் பொழைக்கும், மாமரம் லேசுல போகாது. தொங்குற பட்டைய கையால இழுக்காதீங்க, இன்னும் உரியும், கூரான கத்தியால ஓரத்த சீவி விடுங்க. வெட்டுவாய்ல காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற பூஞ்சை மருந்த பசையா கொழச்சு தடவுங்க, உரக்கடைல கேட்டா குடுப்பாங்க. காயம் தெறந்து கெடந்தா தண்டுதுளைப்பான் வண்டு முட்டை வைக்கும், மரத்தூள் கொட்டுதான்னு மாசம் ஒருக்கா பாருங்க. அடுத்த தடவ பெரிய கெளைன்னா முதல்ல அடியில பாதி ரம்பம் போட்டுட்டு கொஞ்சம் தள்ளி மேலேர்ந்து அறுக்கச் சொல்லுங்க, பட்டை கிழியாது. இப்ப பாரம் பூரா உங்க வீட்டுப் பக்கம் சாஞ்சிருக்கும், அந்தப் பக்கமும் லேசா கழிச்சு விடுங்க. மொட்டையடிச்ச எடத்துல கொத்துக்கொத்தா தளிர் வந்து மறுபடி நேரா லைனுக்குத்தான் போகும், வருசா வருசம் காய் முடிஞ்சதும் நுனிய கிள்ளுங்க.

மாமரத்து_வீடு:
எல்லாருக்கும் நன்றி. மருந்து தடவியாச்சு. ஆபீஸ்ல மனு குடுத்து நகல்ல சீல் வாங்கிட்டேன், கேபிள் பத்தி "பாப்போம்"னாரு. வெளிய வரும்போது டீக்கடைல அந்த லைன்மேனே நின்னாரு, சண்டை போடத்தான் போனேன், கடைசில டீ வாங்கிக் குடுத்துட்டு நம்பர் வாங்கிட்டு வந்தேன், ஆயுதபூஜைக்கு அப்புறம் வர்ற பவர்கட்ல நம்ம ஆளு ரம்பத்தோட வரலாம், அவரு கூட நிப்பாராம். கெளைய எவனும் அள்ளல, எலைய பக்கத்துத் தெரு ஆடு தின்னுச்சு, கட்டை அம்மாவோட வெந்நீர் அடுப்புக்கு.

பழைய_வயர்மேன்:
அந்த டீ காசு வீண் போகாது தம்பி. அவரு வரும்போது தண்டுல உரிஞ்ச எடத்தையும் காட்டுங்க, மறக்காம.