வெட்டில் டொமைன் சுவர் நிற்கவில்லை

காரைக்குடி மாணவி:
மூமேக்ஸில் (காந்தப்பொருள்களைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் மென்பொருள்) பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) நானோகம்பி. அகலம் 100, தடிமன் 5 நானோமீட்டர், ஓரத்தில் முக்கோண வெட்டு. காந்தப்புலத்தைக் கூட்டினால் டொமைன் சுவரின் (வெவ்வேறு காந்தத்திசைப் பகுதிகளுக்கு இடையிலான எல்லை) வேகம் குறைகிறது! தொடங்கும் இடத்தை மாற்றினால் வெட்டில் ஒருமுறை நிற்கிறது, ஒருமுறை தாண்டுகிறது.

பதில் 1:
வாக்கர் முறிவு. புலம் ஒரு வரம்பைத் தாண்டினால் சுவரின் உள்காந்தத்திசை சுழலும். சுவர் முன்னும் பின்னும் ஆடும். எந்தச் சுழற்சி நிலையில் வெட்டை அடைகிறதோ, அதைப் பொறுத்தே பிடிபடும். புலத்தை 0.2 மில்லிடெஸ்லா படிகளாக ஏற்றுங்கள். தணிப்பு எண் (காந்தத்திசையின் ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பது) தொடக்க ஓய்வுநிலையைக் கண்டுபிடிக்க 0.5 இருக்கலாம், ஓட்டத்துக்கு 0.01தான்.

பதில் 2:
கம்பியைப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் அளவு என்ன தங்கச்சி? பரிமாற்ற நீளமே (காந்தத்திசை கணிசமாக மாறத் தேவையான தூரம்) சுமார் 5 நானோமீட்டர், கட்டம் 2.5க்கு மேல் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லை வெட்டாமல் சாய்ந்த சுவரோரம் பதித்தால் படிப்படியாகத்தானே நிற்கும்? வெட்டின் சாய்ந்த ஓரமும் கட்டங்களில் அப்படித்தான்; அந்தப் படிகளே டொமைன் சுவரைப் பிடிக்கும். ஓரத்தை வழவழப்பாக்கும் எட்ஜ்ஸ்மூத் அமைப்பில் 8 போடுங்கள்.

மாணவி:
5 வைத்திருந்தேன். மாற்றுகிறேன் அண்ணே.

பதில் 1:
கம்பி குட்டையென்றால் முனைகளும் சுவரை இழுக்கும்.