பாய்மரத்துக்குள் ஓடும் ஹால்யார்டு கயிறுகளை மாற்றுவது பற்றி

உப்புக்காற்று (கேள்வி)

வணக்கம். எண்டர்பிரைஸ் வகைப் பாய்ப்படகு ஒன்றைச் சென்ற ஆண்டு பழையதாக வாங்கிச் சென்னையில் ஓட்டி வருகிறேன். அலுமினியப் பாய்மரத்தின் நீளம் ஏறத்தாழ 6.5 மீட்டர். பெரிய பாயை ஏற்றும் ஹால்யார்டு கயிற்றின் மேலுறை, உச்சிக் கப்பியில் உராயும் இடத்தில் கிழிந்து உள்ளிழை வெளியே தெரிகிறது. முன்பாய்க்கு எஃகுக் கம்பியும் அதன் கீழ்முனையில் கோத்த கயிறுமாக இருந்தது. அந்தக் கம்பியில் இழைகள் அறுந்து கையைக் கீறியதால், யோசிக்காமல் அதை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டேன். இப்போது அந்த வழியில் மரத்துக்குள் எதுவும் இல்லை.

காசிமேட்டுக் கடைகளில் கிடைக்கும் கயிற்றையே இரண்டுக்கும் வாங்கலாமா? எவ்வளவு நீளம் தேவைப்படும்? வெறுமையாகிவிட்ட வழியில் புதியதை எப்படிக் கோப்பது? மரத்தை இறக்கி முக்காலிகளின் மீது கிடத்தி வைத்திருக்கிறேன்.

கப்பிக்காரர்

நண்பரே, கிழிந்த பெரிய பாய்க் கயிற்றை இன்னும் உருவவில்லை என்றால் தயவுசெய்து அப்படியே விட்டு வையுங்கள். புதிய கயிற்றுக்கு வழிகாட்டப்போவது அதுதான்.

முதலில், இரண்டு ஹால்யார்டுகளும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. பெரிய பாயின் கயிறு பாயை மட்டுமே தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் இவ்வகைச் சிறு படகுகளில் முன்பாயின் ஹால்யார்டை நெம்புகோல் கொண்டு இறுக்கியதும், மரத்தை முன்புறம் பிடித்து நிறுத்தும் ஸ்டே கம்பி தொய்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்திலிருந்து பாய்மரத்தை முன்புறம் இழுத்து நிறுத்துவது முன்பாயின் விளிம்புக்குள் தைத்த கம்பியும் அதன் ஹால்யார்டும்தான். அங்கே நீளும் கயிற்றைப் போட்டால், காற்று வலுக்கும்போது மரம் பின்னால் சாயும், முன்பாயின் விளிம்பு வில்லாக வளையும், காற்றை எதிர்த்து ஏறவே முடியாது. ஆகவே அந்த இடத்துக்கு மீண்டும் கம்பியே போடுங்கள். 7×19 முறுக்குள்ள (பத்தொன்பது இழை கொண்ட ஏழு புரிகள்) 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் துருப்பிடிக்கா எஃகுக் கம்பி கப்பியில் நன்றாக வளையும். ஸ்டேக்குப் பயன்படும் 1×19 கம்பி (பத்தொன்பது இழையும் ஒரே புரி) விறைப்பானது, ஆகாது.

டைனீமா என்ற, மிகக் குறைவாக நீளும் செயற்கை இழைக் கயிறும் போடலாம். ஆனால் கம்பிக்கென்று செய்த கப்பிச் சக்கரத்தின் பள்ளம் குறுகலானது. பள்ளத்தில் அடங்காத கயிறு சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே நழுவி விழுந்து சிக்கிக்கொள்ளும். பாய் ஏறிய நிலையில் அப்படிச் சிக்கினால் கடலில் இறக்கவே முடியாமல் திண்டாடுவீர்கள். டைனீமாவுக்கு மாறினால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.

பெரிய பாய்க்கு 5 மில்லிமீட்டர் பின்னல் பாலியஸ்டர் போதும். காசிமேட்டில் பெரும்பாலும் கிடைப்பது நைலானும் பாலிப்ரொப்பிலீனும். நைலான் நங்கூரத்துக்கு நல்லது, ஏனெனில் நீளும். அதே காரணத்தால் ஹால்யார்டுக்குக் கெட்டது. பாலிப்ரொப்பிலீன் நம் ஊர் வெயிலில் வெகுவிரைவில் நொறுங்கும்.

நீளத்தைக் கயிறு செல்லும் வழியிலேயே அளந்துவிடலாம். பாய் இறங்கிய நிலையில் அதன் தலை பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கழி) அருகே இருக்கும். அங்கிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து மரத்துக்குள்ளாக அடிவரை, பிறகு கிளீட் (கயிற்றைக் கட்டி நிறுத்தும் பிடி) வரை, முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் ஒரு மீட்டர். உங்கள் மரத்துக்கு 14 மீட்டருக்குள் அடங்கும், 15 வாங்குங்கள். மிகுந்ததை இப்போதே வெட்ட வேண்டாம், ஏனெனில் உராய்ந்து தேயும் இடம் எப்போதும் உச்சிக் கப்பிதான். ஆண்டுக்கொரு முறை பாய் பக்கத்து முனையில் ஒரு சாண் வெட்டிக் கட்டினால் தேயும் இடம் நகர்ந்து, கயிறு இன்னும் பல பருவங்களுக்கு உழைக்கும்.

மெழுகுநூல்

கோக்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய கயிற்றையும் புதியதையும் முடிச்சுப் போட்டு இணைக்கக் கூடாது. முடிச்சு கப்பியைத் தாண்டாது. இரு முனைகளையும் நேருக்கு நேர் ஒட்டி வைத்து, மெழுகு நூலால் இரு கயிறுகளின் வழியாகவும் நாலைந்து முறை நீளமான தையல் போட்டு, மேலே மெல்லிய இன்சுலேஷன் டேப்பை ஒரே சுற்றாகச் சுற்றுங்கள். புதிய கயிற்றின் முனையில் ஒரு விரல் நீளத்துக்கு உள்ளிழையை வெட்டி எடுத்துவிட்டால் இணைப்பு இன்னும் மெலியும். விரலில் மடக்கிப் பாருங்கள். மடங்கும் இணைப்புதான் கப்பியில் ஏறும். ஒருவர் இழுக்க, மற்றவர் ஊட்ட வேண்டும். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல் பின்னுக்கு விட்டு மறுபடி முயலுங்கள்.

வெறுமையான வழிக்கு: தங்கூசியின் முனையில் சிறு ஈயக் குண்டு கட்டி, முன்பாய்க் கப்பி இருக்கும் துளை வழியாக உள்ளே விட்டு, மரத்தின் தலைப்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்துத் தட்டினால் குண்டு அடிக்கு உருண்டு வரும். வளைந்த கம்பிக் கொக்கியால் வெளியே எடுக்கலாம். குண்டு பாதி வழியில் நின்றால் மரத்துக்குள் நுரை அடைப்பு இருக்கக்கூடும். அப்போது மின்பணியாளர்கள் குழாய்க்குள் கம்பி இழுக்கப் பயன்படுத்தும் எஃகு நாடாவை முயன்று பாருங்கள். தங்கூசி மெல்லியது என்பதால் அதைக் கொண்டு முதலில் 3 மில்லிமீட்டர் நூலை இழுத்து, பிறகு அந்த நூலைக் கொண்டு கம்பியை இழுப்பது நல்லது.

பலர் மறப்பது ஒன்று உண்டு. தங்கூசியை விடும்போது பெரிய பாயின் கயிற்றை இரு முனையிலும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்து கிடந்தால் புதியது அதைச் சுற்றிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஒன்றை இழுக்கும்போது மற்றொன்றும் அசைந்தால் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

திருவொற்றியூர்வாசி

மேலே எழுதியவர்கள் சொல்லாத ஒன்று: மரத்தைத் தூக்கி நிறுத்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி ஏதும் செல்கிறதா என்று பாருங்கள். அலுமினிய மரம் கையில் இருக்கும்போது இது விளையாட்டல்ல.

உப்புக்காற்று

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை வேலை முடிந்தது. ஈயக் குண்டு முதல் முறையிலேயே அடிக்கு வந்துவிட்டது, ஆனால் நான் எச்சரிக்கையைப் படித்திருந்தும் பெரிய பாய்க் கயிற்றைச் சரியாக விறைக்கவில்லை. இரண்டும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டன. தங்கூசியை உருவி மறுபடி விட வேண்டியதாயிற்று. பெரிய பாய்க் கயிற்றின் இணைப்பு உச்சிக் கப்பியில் நின்றது. டேப் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன், ஒன்றை உரித்ததும் சென்றுவிட்டது. முன்பாய்க்குக் கம்பியே போட்டேன். பாய் முழுவதும் ஏறியதும் கம்பியின் கீழ்க்கண்ணி அடிச்சக்கரத்தைத் தாண்டி வந்து நெம்புகோலில் சரியாக மாட்டுகிறது.

இனி ஒரே ஐயம். வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் படகு மூடியே கிடக்கும். கயிற்றை அப்படியே விடலாமா?

கப்பிக்காரர்

வேண்டாம். பெரிய பாய்க் கயிற்றின் முனையில் 3 மில்லிமீட்டர் நூலைத் தைத்து, கயிற்றை வெளியே இழுத்து, நூலை உள்ளே விட்டு வையுங்கள். கயிற்றை நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். உப்புப் படிகங்கள்தான் இழையை உள்ளிருந்து அறுப்பவை. நூலின் இரு முனைகளையும் மரத்துக்கு வெளியே ஒன்றோடொன்று முடிந்து வளையமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் காற்றில் ஒரு முனை உள்ளே போய், ஜனவரியில் மறுபடியும் ஈயக் குண்டைத் தேடுவீர்கள்.