“கவனக்குறைவு” என்று எழுதி வாங்க வந்தார்கள்

கோவை கணபதியில் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ், அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரம், ஓட்டிக்கொண்டிருந்தான் என் சித்தப்பா மகன். வயது 25, சம்பளம் 12,000. ஒருநாள், பெடலில் கால் வைக்காதபோதே பிரஸ் மறுபடி தானாக இறங்கிவிட்டது. பிரஸ் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் தேய்ந்திருந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். டையிலிருந்து (அச்சிலிருந்து) தகட்டை எடுக்கப்போன கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் மறுநாளே மேலாளர் ஒரு தாளோடு வந்தார். “என் கவனக்குறைவால் நேர்ந்தது, 30,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கோரமாட்டேன்.” மயக்கம் தெளியாதவனிடம் கைரேகை வாங்கிப் போனார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தொழிற்சங்க வழக்கறிஞர் அந்தத் தாளைப் பொருட்படுத்தவே இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி (2025 நவம்பரில் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது), வேலையின் காரணமாக வேலை நேரத்தில் காயம் பட்டால் முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டியிருந்தது. தொழிலாளி கவனமாக இருந்தானா என்பது கேள்வியே இல்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அதன் 17ஆம் பிரிவின்படி செல்லாமல் இருந்தது.

பிறகு புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள்: பாதுகாப்புத் தடுப்பை அவனே கழற்றினானாம். வேண்டுமென்றே கழற்றியிருந்தால் இப்படிப்பட்ட காயத்துக்கு அந்தச் சட்டப்படி இழப்பீடு மறுக்கலாம் என்பதால் வந்த வாதம் அது. உடன் வேலை செய்த பையன் எடுத்து வைத்திருந்த படம் காப்பாற்றியது. தடுப்பைப் பொருத்தும் போல்ட் துளைகளில் துருவும் பழைய கிரீஸும் அடைத்துக் கிடந்தன. அங்கே தடுப்பே நெடுங்காலமாக இருந்ததில்லை.

கணக்கு இதுதான்: சம்பளத்தில் 60 சதவீதம் 7,200, அதைப் பெருக்க அந்தச் சட்டத்தின் அட்டவணை 25 வயதுக்குத் தந்த காரணி 216.91, ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம். மொத்தம் சுமார் 3,12,350 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டியும் சேர்ந்தது. 30,000 எங்கே, இது எங்கே!

*

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவர் எழுதியது: இதைப் படித்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. பஞ்சாலையில், பஞ்சைச் சீவும் கார்டிங் இயந்திரத்தில் கை சிக்கியது. அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தது. அப்படி இருந்தால் 1923 சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாதிருந்தது, இ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆலையோ விபத்து அறிக்கையே அனுப்பாமல், உடல்நலக் குறைவு விடுப்பு என்று பதிவு செய்தது. நோய் என்றால் கூலியில் 70 சதவீதம். வேலையில் பட்ட காயம் என்றால் 90. நிரந்தர ஊனத்துக்கான மாதாந்தரத் தொகையும் விபத்து என்று பதிவானால்தான் கிடைக்கும். விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்று அன்றே போய்ப் பாருங்கள்.