இரவில் சிடி ஸ்கேனரை அணைப்பதா, படக் காப்பகத்தைக் குறைப்பதா?

மின்னளவி:
மருத்துவமனையில் மின்சாரம் மிச்சம் என்று பேச்சு எடுத்தாலே பழைய ஸ்கேன் படங்களை அழிக்கச் சொல்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 100 டெராபைட் படங்களுக்கு 20 டெராபைட் ஹார்டு டிஸ்க் 8 போதும், ரெய்டு (டிஸ்க் பழுதானாலும் தரவு போகாதபடி உபரி டிஸ்க் சேர்க்கும் முறை) உட்பட. ஒன்றுக்கு 6 வாட் என்றால் நாள் முழுக்கச் சுழன்றாலும் 1.2 யூனிட்கூட வராது. சும்மா நிற்கும் சிடி 2 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். 12 மணி நேர இரவுக்கு 24 யூனிட். எதை அணைக்க வேண்டும்?

படக்காப்பகம்:
டிஸ்கை மட்டும் எண்ணினால் எப்படி? கன்ட்ரோலரும் சர்வரும் சேர்ந்து 300 வாட் என்று வைத்தாலே நாளுக்கு 7.2 யூனிட். மூன்று பிரதிகள் மூன்று பெட்டிகளில் இருந்தால் 21.6. குளிரூட்டலோடு பியூஇ (மொத்த மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் இழுப்பதால் வகுத்த விகிதம்) 1.5 என்றால் 32 யூனிட்டைத் தாண்டும். உங்கள் சிடியை மிஞ்சிவிட்டது.

மின்னளவி:
சரி, பாதிப் படங்களை அழித்துவிட்டீர்கள். அந்த 300 வாட் 150 ஆகுமா? ஆகாது. ஒரு பெட்டியையே கழற்றி வைத்தால்தான் மிச்சம். அதோடு 0.6 மி.மீ. ஸ்லைஸை (உடலைக் குறுக்காகச் சீவியது போன்ற படம்) அழித்துவிட்டு 5 மி.மீ. மட்டும் வைத்திருந்தால், பிறகு முப்பரிமாணப் படம் கேட்கும்போது நோயாளியை மறுபடி படுக்க வைக்க வேண்டும். கதிர்வீச்சும் இரட்டிப்பு.

கதிர்க்கூடம்:
"அணைத்துவிடு" என்பது சொல்ல எளிது. எக்ஸ்-கதிரைப் பிடிக்கும் டிடெக்டர் குறிப்பிட்ட வெப்பநிலையில் நிலைத்திருக்க வேண்டும். ஆறிப்போனதை எழுப்பிய உடனே ஸ்கேன் செய்தால் படத்தில் வளைய வளையமாகக் கறை விழும். எக்ஸ்-கதிர் டியூபைச் சூடேற்றும் வார்ம்-அப், வெறுங்காற்றை ஸ்கேன் செய்து டிடெக்டரைச் சரிசெய்யும் ஏர் கேலிப்ரேஷன் முடியும் வரை பக்கவாத நோயாளி காத்திருக்க முடியாது. அவசரப் பிரிவு சிடியை விட்டுவிடுங்கள். பகலில் மட்டும் ஓடும் இயந்திரத்தில் கன்சோல் மெனு வழியாகக் கணினிகளையும் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பெட்டியையும் நிறுத்தலாம், டிடெக்டர் சூடேற்றி ஓடட்டும். பிரேக்கரை இறக்கி நிறுத்தினால் டேட்டாபேஸ் கெடும். எம்ஆர்ஐயில் காந்தத்தைக் குளிராக வைத்திருக்கும் ஹீலியம் கம்ப்ரசரையும் சில்லரையும் தொடவே கூடாது. ஹீலியத்தைக் குளிர்விக்கும் கோல்டு ஹெட் நின்றால் ஹீலியம் கொதித்து அழுத்தம் ஏறும், நீடித்தால் குவெஞ்ச் (ஹீலியம் சட்டென ஆவியாகி காந்தம் செயலிழப்பது) வரை போகும்.

படக்காப்பகம்:
நான் அழிக்கச் சொல்லவே இல்லையே. முதல் வேலை, தேவையில்லாததை அனுப்பாமல் இருப்பது. 512×512, 16 பிட் ஸ்லைஸ் ஒன்று அரை எம்பி. 1000 ஸ்லைஸ் 500 எம்பி. எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று என்று இரண்டு தொகுப்பாக மெல்லிய ஸ்லைஸ் போனால் ஒரு ஜிபி. எல்லா வயிற்று ஸ்கேனுக்கும் எலும்புத் தொகுப்பு எதற்கு? புரோட்டோகாலில் அதை எடுங்கள். பழையதை இழப்பில்லாச் சுருக்கத்தில் பாதியாக்கி எல்டிஓ டேப்புக்கு (தரவு சேமிக்கும் காந்த நாடா) நகர்த்துங்கள். அலமாரியில் இருக்கும் டேப்புக்கு மின்சாரம் ஏது? அப்பாயின்ட்மென்ட் பதிவானதும் முந்தைய இரவே படத்தை டிஸ்கில் ஏற்றிவிட்டால் மருத்துவருக்குத் தாமதம் தெரியாது. முன்பதிவில்லாமல் வருபவருக்குச் சில நிமிடம் பிடிக்கும், அது உண்மை. இன்னொரு சிக்கல்: ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ-9 டிரைவ் பழைய டேப்பில் எல்டிஓ-8 வரைதான் படிக்கும். பழைய டிரைவையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

பழையபெட்டி:
ஒரு மடிக்கணினியின் வாழ்நாள் கார்பனில் பெரும்பங்கு தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே முடிந்துவிடுகிறது. அதை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும் நன்றாக ஓடும் வார்டு கணினிகளைத் தூக்கிப் போடுகிறார்கள். பிரவுசரில் மட்டும் வேலை நடக்கும் இடத்தில் லினக்ஸ் போட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டலாமே.

கதிர்க்கூடம்:
வார்டில் சரி. ஸ்கேனரோடு இணைந்த கன்சோலில் அது நடக்காது. உற்பத்தியாளர் சான்றளித்த மென்பொருளை மாற்றினால் பராமரிப்பு ஒப்பந்தமே போய்விடும்.

பழையபெட்டி:
கன்சோலைச் சொல்லவில்லை. ஆனால் கழித்துக்கட்டும் கணினியில் நோயாளி விவரம் இருக்கும் என்ற பயத்தில் எஸ்எஸ்டியை நொறுக்குகிறார்களே, அதற்கு என்ன அவசியம்? மேலெழுதுவது மட்டும் போதாது, எஸ்எஸ்டி தனக்கென ஒதுக்கி வைக்கும் உபரி பிளாக்குகளில் தரவு தங்கும். தொடக்கத்திலேயே முழு டிஸ்கையும் என்கிரிப்ட் செய்திருந்தால், கடைசியில் சாவியை அழித்துச் சரிபார்த்தாலே போதும். டிரைவ் வேறு கணினிக்குப் போகலாம்.

மின்னளவி:
அந்தச் சாவியின் மீட்புப் பிரதி சர்வரில் கிடந்தால்? அதையும் அழித்த பதிவு வேண்டும். அது இல்லாமல் தணிக்கையில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.