தாத்தாவின் ஒமேகா சீமாஸ்டர்: அசலா, டூப்ளிகேட்டா?

கும்பகோணத்தான் (கேள்வி):
வணக்கம். அம்மாவின் அப்பா பினாங்கில் வேலை பார்த்தவர். அவர் கட்டியிருந்த ஒமேகா வாட்ச் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டீல் கேஸ், க்ரீம் நிற டயல், நடு முள்ளாக வினாடி முள். டயலில் 'ஆட்டோமேட்டிக்', 'சீமாஸ்டர்' இரண்டும் எழுதியிருக்கிறது. பழைய வாட்ச் வாங்கும் ஒருவரிடம் காட்டினேன். டயலைப் பார்த்ததுமே டூப்ளிகேட் என்றார். அடுத்த மூச்சில் "கொடுத்துட்டுப் போங்க" என்று ஒரு தொகையும் சொன்னார். டூப்ளிகேட் அவருக்கு எதற்கு?
தாத்தா 1952இல் கல்யாணத்துக்கு வாங்கியது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஓடுகிறது, ஆனால் தினமும் இருபது நிமிடம் போல வேகமாகப் போகிறது. விற்க மாட்டேன். அசலா என்று மட்டும் தெரிய வேண்டும்.

சாவிக்காரன்:
தம்பி, டயலை வைத்து முடிவு சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக் ஒருவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். கத்தியால் நெம்ப விடாதீர்கள். மிஷினில் உள்ள கேலிபர் எண் (மிஷினின் மாடல் எண்), சீரியல் எண், மூடியின் உட்புற முத்திரை, டயலின் அடி விளிம்பு: இந்த நான்கையும் படம் எடுங்கள். சீரியலின் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள்.

கும்பகோணத்தான்:
திறந்து பார்த்தாயிற்று, சார். மிஷின் செம்பு நிறம். ஒமேகா பெயர், 17 கல், 285 என்ற எண். சீரியல் எட்டு இலக்கம், 164 என்று ஆரம்பிக்கிறது. மூடியின் உள்ளே ஒமேகா முத்திரையும் ஒரு கேஸ் எண்ணும் இருக்கின்றன. டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்', அதற்கு இரண்டு பக்கமும் 'டி' என்ற எழுத்து. அரை வட்டமாகச் சுற்றும் தகடு எதுவும் உள்ளே இல்லை.

சாவிக்காரன்:
கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. அந்தத் தகடுதான் ரோட்டர், கை அசைவில் ஆடி வாட்சுக்குத் தானாகச் சாவி கொடுப்பது. ரோட்டர் இல்லாமல் ஆட்டோமேட்டிக் கிடையாது. 285 என்பது கையால் சாவி கொடுக்கும் மிஷின், 1939இல் ஒமேகா கொண்டுவந்த 30 மில்லிமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் 265 முதல் 269 வரை வினாடிக்குத் தனிச் சிறு வட்டம் இருக்கும். 280 வரிசையில் வினாடி முள் நடுவில். உங்களுடையதில் மிஷினும் முள்ளும் பொருந்துகின்றன, பொருந்தாதது டயல் எழுத்து மட்டும்தான்.

அடுத்தது அந்த 'டி'. அது இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் பூச்சுக்கான அடையாளம், 1960களில்தான் டயல்களில் வர ஆரம்பித்தது. 16 மில்லியன் வரிசை சீரியல் ஏறத்தாழ 1958ஐக் காட்டும். அன்றைக்கு ஒளிப்பூச்சு என்றால் ரேடியம், கதிரியக்கம் உள்ள பொருள். ஆக டயலை யாரோ பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு மாடலைப் பார்த்துத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். லூப்பில் (வாட்ச்காரர் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) பாருங்கள்: எழுத்தின் ஓரம் கசிந்து, நிமிடக் கோடுகள் சமமில்லாமல் இருந்தால் திரும்ப எழுதியதுதான்.

1952 கணக்கும் நிற்காது. சீமாஸ்டர் 1948 முதலே உண்டு, ஆனால் இந்த மிஷின் 1952இல் பிறக்கவில்லை.

மதுரை வாட்ச் பித்தன்:
டயல் போலி என்றால் வாட்சும் போலிதானே, சார்? சுற்றி வளைப்பானேன்?

சாவிக்காரன்:
இல்லை. அந்தக் காலத்தில் வியர்வையும் ஈரமும் டயலைக் கறுக்க வைத்தால், கடைக்காரரே அழித்து எழுதித் தருவார். வாடிக்கையாளர் கேட்டு, காசு கொடுத்துச் செய்துகொண்ட வேலை அது. எழுதியவர் தன்னிடமிருந்த அச்சைப் போட்டிருப்பார், ஆட்டோமேட்டிக்கா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? நாலு வாட்ச் உதிரிகளைக் கோத்து, புது டயல் ஒட்டி, 'பழைய அசல்' என்று விற்கிறார்களே, அதுதான் மோசடி. சேகரிப்பவர்களிடம் டயலால் விலை குறையும், அது உண்மை. அதைச் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பது வியாபாரத் தந்திரம். இந்த வாட்சில் மிஷினும் மூடியும் ஒமேகாதான். கேஸ் எண்ணுக்கு 285 பொருந்துகிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள், அதோடு கேஸ் சந்தேகமும் தீரும்.

கும்பகோணத்தான்:
மாமாவிடம் கேட்டேன். தாத்தா ஊர் திரும்பிய பிறகு டயல் கறுத்துப்போய், தஞ்சாவூரில் கொடுத்துப் புதுசாக்கியது அவருக்கு நினைவிருக்கிறது. கல்யாண வாட்ச் வேறு, அது தொலைந்துவிட்டதாம்! அம்மாவுக்கே இது தெரியாது. சரி, டயலை மறுபடி சரியாக எழுதிவிடலாமா? அந்த வேகத்துக்கு என்ன செய்வது?

சாவிக்காரன்:
டயலைத் தொடாதீர்கள். அடியில் பழைய ரேடியம் மிச்சம் இருக்கலாம், சுரண்டினால் தூள் மூச்சில் போகும். கேஸுக்கு பஃப் போட்டு மினுக்கவும் வேண்டாம், ஓரங்கள் மழுங்கிவிடும். கண்ணாடி பிளாஸ்டிக் வகை, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். அசல் கண்ணாடி என்றால் நடுவில் மிகச் சின்னதாக ஒமேகா சின்னம் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்து லூப்பில் தேடுங்கள்.

இருபது நிமிட வேகத்துக்கு முதல் சந்தேகம் காந்தம். ஸ்பீக்கர், போன் கவர் பக்கத்தில் வைத்திருந்தீர்களா? வாட்சை ஒரு திசைகாட்டி அருகே கொண்டுபோங்கள். ஊசி நன்றாக ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது, மெக்கானிக் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஊசி அசையாவிட்டால் ஹேர் ஸ்பிரிங்கில் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பி) எண்ணெய் பட்டு வளையங்கள் ஒட்டியிருக்கலாம், அதற்கு முழு சர்வீஸ்தான். அதுவரை தினமும் கட்ட வேண்டாம்.

கும்பகோணத்தான்:
ஊசி நன்றாகவே ஆடுகிறது, சார். காந்தக் கவர் போட்ட போன் பக்கத்தில்தான் ராத்திரி வைத்திருந்தேன். நாளைக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன்.

சாவிக்காரன்:
காந்தம் எடுத்த பிறகும் எண்ணெய் பார்க்கச் சொல்லுங்கள். சீமாஸ்டர் என்று பெயர் இருக்கிறதே என்று கையோடு குளிக்கப் போய்விடாதீர்கள், மூடியின் வாஷர் எப்போதோ காய்ந்திருக்கும்.