பிக்கப்பில் தண்ணீர்ப் பெட்டி இழுப்பதற்குப் பிறேக் கொன்ரோலர் அவசியமா?

ஒட்டுசுட்டான் பப்பாசி

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டானுக்கு அருகில் எனக்கு இரண்டு ஏக்கர் பப்பாசித் தோட்டம் உள்ளது. ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடுவதால் வெளியிலிருந்து தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதுவரை உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தேன். இப்போது ஒற்றை அச்சுப் பெட்டி (ரெயிலர்) ஒன்றைப் பழையதாக வாங்கி, அதன்மேல் 1000 லீற்றர் தாங்கியை ஏற்றியிருக்கிறேன். வெறும் பெட்டியும் தாங்கியும் சேர்ந்து ஏறக்குறைய 400 கிலோ வரும். இழுக்கப்போவது 1900 கிலோ எடையுள்ள டீசல் பிக்கப். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிறகு கிரவல் பாதையில் இறங்க வேண்டும்.

பெட்டியை விற்றவர், பிக்கப்பில் பிறேக் கொன்ரோலர் (பெட்டியின் பிறேக்குக்குப் போகும் மின்சாரத்தின் அளவைத் தீர்மானிக்கும் கருவி) பூட்டினால்தான் பெட்டியின் பிறேக் வேலை செய்யும் என்றார். பக்கத்துக் காணிக்காரரோ, "வன்னியில் மலையா இருக்கிறது? உழவு இயந்திரப் பெட்டிக்கு யார் பிறேக் பூட்டினார்கள்?" என்று கேட்கிறார். காசைச் செலவழிப்பதற்கு முன், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மாங்குளம் கராச்

தம்பி, பிக்கப்பைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் அடியில் படுத்துச் சில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள். டிரம்மின் பின்தட்டிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் வெளியே வருமானால் அது மின்பிறேக். கொன்ரோலர் இல்லாவிட்டால் அந்தப் பிறேக் இருந்தும் இல்லாததுதான். வயருக்குப் பதிலாகக் கேபிளோ எண்ணெய்க் குழாயோ போய், கொழுவும் தலைப்பகுதி முன்னும் பின்னும் நகருமானால் அது தள்ளுபிறேக். பிக்கப் வேகம் குறையும்போது பெட்டி முன்னோக்கித் தள்ளுகிற விசையே அதன் பிறேக் சூக்களை விரிப்பதால், அதற்குக் கொன்ரோலர் வேண்டியதில்லை. இரண்டுமே இல்லையென்றால் கொன்ரோலர் வாங்கிப் பயனில்லை. பிறேக் உள்ள அச்சு ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

உங்கள் பக்கத்துக் காணிக்காரர் சொல்வது உழவு இயந்திரத்துக்கு ஓரளவு பொருந்தலாம். அது 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. நீங்கள் 60இல் போவீர்கள். வேகம் மூன்று மடங்கானால், நிறுத்தும்போது பிறேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்காகிறது. தனியே ஓடும் உங்கள் பிக்கப்பை 60 கிலோமீற்றர் வேகத்தில் இறுக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 23 மீற்றருக்குள் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த தாங்கியோடு பின்னால் வருவது 1400 கிலோ. அதே பிறேக் விசைதான் இப்போது 3300 கிலோவை நிறுத்த வேண்டும் என்பதால், தூரம் 40 மீற்றராகிவிடும். கால் பெடலுக்குப் போகும் அந்த ஒரு நொடியில் ஓடும் 17 மீற்றரை இதில் நான் சேர்க்கவில்லை. மலை இல்லைத்தான்; ஆனால் பொழுதுபட்டதும் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுக்கும் மாடுகள் எத்தனை என்பது அந்த வீதியில் ஓடும் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாங்கியை நிரப்பினால் முழுதாக நிரப்புங்கள். அரைத் தாங்கித் தண்ணீர், பிறேக் பிடித்த பிறகும் முன்னே வந்து மோதும். திருப்பத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கும். தாங்கிக்குள் தடுப்புத் தட்டுகள் இல்லாதபோது, எடை குறைவான அரைத் தாங்கியைவிட நிறைந்த தாங்கி அடங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வயர் வேலை

கராச் அண்ணா சொன்னதற்கு மேல், மின்பிறேக்காக இருந்தால் செய்யக்கூடாத ஒன்றை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அதன் விளைவை என் கண்ணால் கண்டேன். கொன்ரோலருக்குக் காசு கொடுக்க விரும்பாத ஒருவர், பெட்டியின் பிறேக் வயரைப் பிக்கப்பின் பிறேக் லைற் வயரோடு முறுக்கிவிட்டார். பெடலில் கால் பட்ட மாத்திரத்தில் முழு 12 வோல்ற்றும் பிறேக்குக்குப் போயிற்று. வெறும் பெட்டியோடு வந்தவர் வளைவில் மெதுவாகக் கால் வைக்க, இரண்டு சில்லும் பூட்டிக்கொண்டு பெட்டி பக்கவாட்டில் இழுபட்டது. என்னிடம் கொண்டு வந்தபோது இரண்டு ரயரிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது. பிறேக் லைற் பியூசும் எரிந்திருந்தது. பெட்டியின் பிறேக்கில் ஒரு சில்லுக்கு ஏறக்குறைய 3 அம்பியர் ஓடும். பிறேக் லைற்றின் மெல்லிய வயர் அதற்காகப் போடப்பட்டதன்று.

டிரம்முக்குள் இருப்பது ஒரு மின்காந்தம். மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோலை நகர்த்திச் சூக்களை விரிக்கிறது. கூடுதலாக மின்சாரம் கொடுத்தால் கூடுதலாகப் பிடிக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பதே கொன்ரோலரின் வேலை. மலிவானது, பெடலை மிதித்த நேரத்திலிருந்து படிப்படியாக விசையை ஏற்றும். நீங்கள் மெல்ல மிதித்தீர்களா அழுத்தி மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. மற்றது, பிக்கப் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்பப் பெட்டியையும் பிடிக்கும். தண்ணீர் ஏற்றி இறக்குபவருக்கு இரண்டாவதையே சொல்வேன். அதைப் பூட்டும்போது, அதன் தாளில் சொல்லப்பட்ட கோணத்தில் அசையாமல் இறுக்க வேண்டும்.

அளவு வைப்பதற்கு, காய்ந்த சமதரை வீதியில், வாகனங்கள் இல்லாத நேரத்தில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய், கொன்ரோலரில் உள்ள கைப்பிடியால் பெட்டியின் பிறேக்கை மட்டும் முழுதாகப் பிடியுங்கள். சில்லுகள் பூட்டிக்கொள்ளும் அளவு எதுவென்று கண்டு, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இது நிறைந்த தாங்கிக்கான அளவு. வெறுமையாகத் திரும்பும்போதும் கிரவலில் இறங்கும்போதும் குறைக்காமல் விட்டால், மேலே சொன்னவரின் கதைதான் உங்களுக்கும். புதிதாகப் பூட்டிய முதல் வாரத்தில், ஓடி நிறுத்தியதும் இரண்டு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கிறது. பெரும்பாலும் துருப்பிடித்த பூமிக் கம்பி இணைப்பே காரணமாக இருக்கும்.

நந்திக்கடல்

நாங்கள் பெட்டியில் படகு ஏற்றுவதால் மின்பிறேக்கைத் தவிர்த்தோம். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் பெட்டியில் காந்தமும் வயரும் நீண்ட நாள் நிலைப்பதில்லை. எங்களுக்குத் தள்ளுபிறேக்கே பொருத்தம். ஆனால் அதன் பழைய வகைகளில், பின்னால் தள்ளும்போதும் பிறேக் பிடித்துக்கொள்ளும் என்பதால், இறங்கி ஒரு கம்பியைச் செருகிய பிறகே தள்ள வேண்டும். நீங்கள் நன்னீர் ஏற்றுபவர் என்பதால் உப்புத் தண்ணீர்ச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

இரணைமடுவிலிருந்து மெல்பேர்ன்

நான் பிறந்தது கிளிநொச்சி. இப்போது வசிப்பது அவுஸ்திரேலியாவில். இங்கே பெட்டியும் சுமையும் சேர்ந்து 750 கிலோ வரையில் பிறேக் இல்லாமல் இழுக்கலாம். அதற்கு மேல் 2000 கிலோ வரைக்கும் குறைந்தது ஓர் அச்சிலாவது பிறேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளுக்கும் பிறேக் வேண்டும். பெட்டி கழன்று ஓடினால் தானே பிறேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். ஐரோப்பாவிலும் பிறேக் இல்லாத பெட்டிக்கு 750 கிலோதான் மேல் எல்லை. உங்கள் 1400 கிலோ அந்த எல்லையின் இரு மடங்கை நெருங்குகிறது. நம் ஊரில் யாரும் நிறுத்திக் கேட்காவிட்டாலும், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் வீதி அது. பெட்டி கழன்றால் அதன் பிறேக்கைத் தானே பிடிக்கவைக்கும் சிறு பற்றரியையும் சுவிச்சையும் நீங்களும் பூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழுவும் இடத்துக்குக் கீழே சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடுங்கள்.

ஒட்டுசுட்டான் பப்பாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பெட்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வயர்கள் வருகின்றன, ஆகவே மின்பிறேக்தான். இடது பக்க வயரை அணில் கடித்து, செம்பு வெளியே தெரிகிறது. வலது டிரம்மைக் கழற்றியபோது உள்ளே சிவப்புக் கிரவல் தூசி ஒரு கைப்பிடி அளவு கொட்டியது. காந்தத்தின் முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு காந்தங்களையும் மாற்றி, வயரைப் புதிதாக இழுத்து, வேகம் குறைவதை உணரும் வகைக் கொன்ரோலரையே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். அந்த வேலை முடியும்வரை உழவு இயந்திரத்துக்கே சொல்லியிருக்கிறேன்.

வயர் வேலைத் தம்பி, பற்றரியிலிருந்து கொன்ரோலருக்கு வரும் வயரை எந்தத் தடிப்பில் போட வேண்டும், அதற்கு எத்தனை அம்பியர் பியூஸ் வேண்டும் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.

வயர் வேலை

இரண்டு சில்லுதானே அண்ணா, ஓடுவது 6 அம்பியர் அளவுதான். இருந்தாலும் தூரத்தில் வோல்ற் இறங்காமலிருக்க 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போடுங்கள். பியூசின் அளவு நீங்கள் வாங்கும் கொன்ரோலரின் தாளிலேயே இருக்கும், அதை மீற வேண்டாம். பியூசைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பூமிக் கம்பியைப் பெட்டியின் இரும்பில் பூட்டி விட்டுவிடாமல், தனி வயராகவே பிக்கப் வரை கொண்டு வாருங்கள்.